ஏத்தியோப்பியா கோப்பிக் கொட்டை, பிரெஞ்ச் பிரஸ்: கலங்கலாகவே வருகிறது, என்ன செய்யலாம்?

செந்தூல்வாசி | கோலாலம்பூர் | சனி, காலை 8:10

வணக்கம் நண்பர்களே. அண்மையில் 350 மில்லி பிடிக்கிற கண்ணாடி பிரெஞ்ச் பிரஸ் ஒன்று வாங்கினேன், அதாவது ஊறிய கோப்பித் தூளைக் கம்பி வலையால் அழுத்தி வடிக்கிற குடுவை. பெட்டியில் "3 கப்" என்று போட்டிருக்கிறது. கூடவே ஆசைப்பட்டு ஏத்தியோப்பியா யிர்காசெஃப் கொட்டை 200 கிராம், 58 வெள்ளி (ரிங்கிட்). இளம் வறுவல். பையில் மல்லிகை, எலுமிச்சை, பீச் பழம் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. குடித்துப் பார்த்தால் புளிப்பும் கசப்பும் ஒன்றாக அடிக்கிறது. கப்பின் அடியில் சேறு வேறு.

மசாலா அரைக்கிற மிக்ஸியின் சின்ன ஜாரில்தான் அரைத்தேன். 4 ஸ்பூன் தூள், கொதித்து அடங்கிய தண்ணீர், 4 நிமிடம் கழித்து அழுத்தினேன். பாதி வழியிலேயே பிடி இறுகிவிட்டது, உடம்பு பாரத்தைப் போட்டுத்தான் இறக்க முடிந்தது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "58 வெள்ளிக்கு ஒரு மாசக் கோப்பித் தூள் வந்திருக்குமே" என்றார். அவருக்குப் பதில் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

டபராசெட் | பிரிக்பீல்ட்ஸ் | சனி, காலை 8:32

அம்மா சொன்னதில் என்ன தப்பு? எங்கள் ஊர்ப் பித்தளை பில்டரில் இரவு தூளைப் போட்டு வைத்தால் காலையில் டிகாக்ஷன் தயார். கலங்கல் கிடையாது, கையால் குத்துகிற வேலையும் கிடையாது. பிரெஞ்சுக்காரன் சாமானுக்கு எதற்கு இத்தனை பாடு?

கோப்பி_ஓ_கோசோங் | பட்டர்வொர்த் | சனி, காலை 9:05

டபராசெட் அண்ணே, பேரில்தான் பிரெஞ்ச். 1852-லேயே பாரிஸில் இரண்டு பேர் இந்த மாதிரி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார்கள், வாஸ்தவம். ஆனால் இப்போது நாம் வைத்திருக்கும் வடிவத்துக்குக் கிட்டத்தட்ட வந்தது 1929-இல், மிலான் நகரத்து அத்திலியோ கலிமானி வாங்கிய உரிமத்தில். பாதி இத்தாலிக்காரன் சாமான்.

செந்தூல்வாசி தம்பி, பிடி இறுகியது என்று சொன்னீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. பிரஸ்ஸின் பிடி கையின் சொந்த எடைக்கே மெதுவாக இறங்க வேண்டும். முட்டிக்கொண்டு நின்றால் அரவை நைஸ், வலை அடைத்துவிட்டது. தடையே இல்லாமல் பொத்தென்று விழுந்தால் அரவை ரொம்பப் பெரிசு. இறுகும்போது பலத்தைப் போடாதீர்கள். கொதிக்கிற கோப்பி மூடி ஓரமாகப் பீறிட்டுக் கையில் ஊற்றும், கண்ணாடியும் விரியலாம். இறுகினால் பிடியை இரண்டு விரல்கடை மேலே தூக்கி, சற்று விட்டு மறுபடி இறக்குங்கள்.

புளிப்பும் கசப்பும் சேர்ந்து வருவதற்குக் காரணம் மிக்ஸி. பிளேடு கொட்டையை அரைப்பதில்லை, அடித்து நொறுக்குகிறது. மாவும் ரவையும் அரிசிக் குருணையும் ஒரே சட்டியில் கொட்டிய மாதிரி வரும். மாவாகப் போனது ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் கக்கிவிட்டுக் கசக்கும். குருணை 4 நிமிடம் ஆனாலும் உள்ளே தண்ணீர் ஏறாமல் புளிக்கும். இரண்டும் சேர்ந்து உங்கள் கப்பில். 4 ஸ்பூன் என்றால் எந்த ஸ்பூன்? டீ ஸ்பூன் என்றால் 8 கிராம் தேறினாலே அதிகம், பாதிக்கும் குறைவு. தராசு வாங்குங்கள். 300 மில்லி தண்ணீருக்கு 18 கிராம், அதாவது லிட்டருக்கு 60. அங்கே ஆரம்பித்து அப்புறம் உங்கள் நாக்குக்கு ஏற்றபடி ஏற்றி இறக்கலாம்.

செந்தூல்வாசி | சனி, காலை 9:20

டீ ஸ்பூன்தான் அண்ணே. அரவை மெஷின் உடனே வாங்க முடியாது. இந்த மாதம் கார் ரோட் டேக்ஸ்.

கோப்பி_ஓ_கோசோங் | சனி, காலை 9:41

அப்படியானால் மிக்ஸியை வைத்தே ஓரளவு தப்பிக்கலாம். ஒரேயடியாக ஓட விடாதீர்கள். ஒரு விநாடி, நிறுத்து, ஜாரைக் கையில் எடுத்துக் குலுக்கு, மறுபடி ஒரு விநாடி. கொட்டை கல் உப்பு அளவுக்கு உடைந்ததும் நிறுத்திவிட்டு, டீ வடிகட்டியில் கொட்டித் தட்டுங்கள். கீழே விழுகிற மாவைத் தூக்கி எறியலாம், அல்லது அம்மா கோப்பி வடிக்கிற துணிப்பையில் போடலாம். மேலே நிற்பதுதான் உங்களுக்கு. 18 கிராம் வேண்டுமென்றால் 22, 23 கிராம் அரைக்க வேண்டி வரும். நஷ்டம்தான். ஆனால் 58 வெள்ளிக் கொட்டையைச் சேறாகக் குடிப்பதைவிட மேல்.

பிறகு காசு சேர்ந்தால் கைச்சுற்று அரவை ஒன்று வாங்குங்கள். உள்ளே பல் வைத்த கூம்பு இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். குடுவை 30 வெள்ளிச் சாமானாக இருந்தாலும் பரவாயில்லை, காசை அரவையில் போடுங்கள். சிலர் இருநூறு வெள்ளிக்குக் குடுவை வாங்கிவிட்டு மிக்ஸியில் அரைக்கிறார்கள், அவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

அரவைமில் | பெட்டாலிங் ஜெயா | சனி, மதியம் 1:15

நான் ஒரு கோப்பிக் கடையில் கோப்பி போடுகிற பக்கம் வேலை பார்க்கிறேன், கடை பேர் வேண்டாம். கோசோங் அண்ணன் அரவை பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. நான் சொல்ல வருவது அழுத்துவது பற்றி.

என் கருத்து, அழுத்தவே வேண்டாம்.

2007-இல் உலக பரிஸ்டா (கோப்பி போடுபவர்) பட்டம் வாங்கிய லண்டன்காரர் ஜேம்ஸ் ஹாஃப்மன் இதைப் பிரபலப்படுத்தினார். இப்போது எங்கள் கடையில் ஊழியர்கள் எங்களுக்காகப் போட்டுக் குடிக்கும்போது இப்படித்தான் செய்கிறோம். குடுவையில் கொதிநீர் விட்டுச் சூடாக்கிக் கொட்டிவிடுங்கள். தூளைப் போட்டு, எல்லாத் தூளும் நனைகிற மாதிரி தண்ணீரை ஊற்றிவிட்டு 4 நிமிடம் சும்மா விடுங்கள். மேலே தடிமனாக ஒரு அடை கட்டி நிற்கும். புதிதாக வறுத்த கொட்டையில் அடைபட்டிருக்கும் கரியமில வாயு தூளைத் தூக்கிப் பிடிப்பதால் வருவது அது. ஸ்பூனால் அந்த அடையை மெதுவாகக் கலையுங்கள், முக்கால்வாசித் தூள் அப்படியே கீழே போய்விடும். மேலே மிச்சம் நிற்கிற பழுப்பு நுரையையும் மிதக்கிற துகளையும் இரண்டு ஸ்பூனால் வழித்து எடுத்துவிடுங்கள். இப்போது இன்னும் ஐந்து, ஆறு நிமிடம் காத்திருங்கள். முடிந்தால் எட்டு.

அப்புறம் மூடியைப் போட்டு, வலையைக் கோப்பியின் மேல்மட்டத்தைத் தொடுகிற வரைக்கும் மட்டும் இறக்கி, குடுவையை அசைக்காமல் ஊற்றுங்கள். கடைசி ஒரு வாயைக் குடுவையிலேயே விட்டுவிடுங்கள். சேறு முழுக்க அதில்தான் இருக்கும்.

அடியில் தானாகப் படிந்ததை வலையால் போய் அழுத்தினால் மறுபடி கிளம்பி மேலே வருகிறது. கலங்கலுக்குப் பாதிக் காரணம் அந்தக் கடைசிக் குத்துதான்.

டபராசெட் | சனி, மதியம் 1:40

பத்து பன்னிரண்டு நிமிடம் கழித்தா? கோப்பி ஆறிப் போய் ஐஸ் போட்டுக் குடிக்க வேண்டியதுதான். அவ்வளவு நேரம் ஊறினால் கசந்து தொலையாதா?

அரவைமில் | சனி, மதியம் 2:02

சூடாக்கிய குடுவை, மூடி போட்டது, நம்ம ஊர் வெயில். குடிக்கிற சூடு தாராளமாக இருக்கும். டபராவில் ஆற்றி ஆற்றிக் குடிக்கிறவர் நீங்கள் சூடு பற்றிக் கவலைப்படுகிறீர்களே! வாய் பொறுக்காத சூட்டில் நாக்குக்கு எதுவும் தெரியாது, கொஞ்சம் இறங்கிய பிறகுதான் இந்தப் பழ வாசனையெல்லாம் எழும்பும்.

கசப்பு பற்றி: கலக்காமல் அடியில் படிந்து கிடக்கும் பெருவெட்டுத் தூளிலிருந்து முதல் 4 நிமிடத்துக்குப் பிறகு ரொம்ப மெதுவாகத்தான் இறங்கும். மிக்ஸி மாவு இருந்தால் மட்டும் நீங்கள் சொல்வது நடக்கும். தண்ணீர்ச் சூடும் பாருங்கள். இளம் வறுவலுக்குக் கொதித்த உடனே ஊற்றலாம், 95 டிகிரி பக்கம். கறுப்பாக எண்ணெய் மினுக்குகிற வறுவலுக்கு ஒன்றிரண்டு நிமிடம் மூடியைத் திறந்து வைத்து 90-க்குக் கீழே வந்த பிறகு ஊற்றுங்கள். பைப் தண்ணீரில் குளோரின் வாடை தெரிந்தால் வடிகட்டிய தண்ணீர். அவ்வளவுதான் தண்ணீர் விஷயம், அதற்கு மேல் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆயர்ஈத்தாம்_அக்கா | பினாங்கு | சனி, மாலை 5:30

பசியாறும்போது பால் ஊற்றாமல் கோப்பி குடிக்க என்னால் முடியாது. பிரஸ் கோப்பியில் பால் ஊற்றினால் குற்றமா? பேத்தி பிரஸ்ஸைப் பரிசாகக் கொடுத்தாள், அதில் இப்போது புதினா டீ போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கோப்பி_ஓ_கோசோங் | சனி, மாலை 6:12

தாராளமாக ஊற்றுங்கள் அக்கா. ஆனால் யிர்காசெஃபில் ஊற்றாதீர்கள். அந்தப் புளிப்பும் பாலும் சேராது, காசும் வீண். பாலுக்கு எங்கள் கரைக்கு எதிர்க்கரையிலேயே கொட்டை இருக்கிறது: சுமத்ரா, அச்சே மலையில் விளையும் காயோ, இல்லை மண்டேலிங். அங்கே காய்ப்பதம் முழுசாக வற்றும் முன்பே, மேல் தொலி ஈரமாக இருக்கும்போதே உமியை நீக்கிவிட்டு அப்புறம் காயவைப்பார்கள். கிலிங் பாசா என்பார்கள். புளிப்பு குறைந்து, கனமாக, மண்வாசனையும் மசாலா வாடையுமாக வரும். 300 மில்லிக்கு 18 கிராமுக்குப் பதில் 30 கிராம் போடுங்கள், காய்ச்சிய பாலோ டின் ஐடியல் பாலோ ஊற்றுங்கள். பில்டர் டிகாக்ஷன் அளவுக்குத் திக்காக வராது, ஆனால் ஈடு கொடுக்கும்.

டபராசெட் அண்ணனுக்கும் ஒன்று: மான்சூன் மலபார் கிடைத்தால் பிரஸ்ஸில் போட்டுப் பாருங்கள். மங்களூர்ப் பக்கம் மழைக்காலத்தில் திறந்த கிடங்குகளில் பரப்பி, ஈரக் காற்றில் வாரக்கணக்கில் வைத்து எடுப்பது. கொட்டை ஊதி வெளிறிப் போயிருக்கும், புளிப்பு ஏறக்குறைய போய்விடும். பிரஸ்ஸுக்கென்றே செய்த மாதிரி இருக்கும்.

பிரஸ்ஸில் காகித வடிகட்டி இல்லை. எண்ணெயும் நுண்துகளும் அப்படியே கப்புக்கு வரும். அதனால் கனம் உள்ள கொட்டைக்கு அது தோது. மல்லிகை, பீச் எல்லாம் வேண்டுமென்றால் ஐந்து வெள்ளி வடிகட்டிக் கூம்பும் காகிதமும் வாங்கி ஊற்றிக் குடிப்பதே மேல். யிர்காசெஃபையும் கெய்ஷா என்கிற விலை உயர்ந்த கொட்டை வகையையும் பிரஸ்ஸில் போடுவதை நான் வேஸ்ட் என்றுதான் சொல்வேன்.

அரவைமில் | சனி, இரவு 9:48

இங்கே மட்டும் அண்ணனோடு ஒத்துப்போக முடியாது. கொட்டை வாங்குகிறவர்கள், தரம் பார்க்கிறவர்கள் எல்லாம் எப்படி ருசி பார்க்கிறார்கள்? கப்பிங். கிண்ணத்தில் 8.25 கிராம் தூள், 150 மில்லி கொதிநீர், 4 நிமிடத்தில் அடையைக் கலைத்து, நுரையை வழித்து, ஸ்பூனால் உறிஞ்சிக் குடிப்பது. காகிதமே கிடையாது. அந்தப் பையில் மல்லிகை, பீச் என்று எழுதியவன் அப்படிக் குடித்துத்தான் எழுதியிருப்பான். நான் மதியம் சொன்ன முறை கிட்டத்தட்ட அதே கப்பிங், பெரிய கிண்ணத்தில்.

2004-இல் பனாமா ஏலத்தில் எஸ்மரால்டா தோட்டத்துக் கெய்ஷா விலை வானத்துக்குப் போனதே, அதையும் கிண்ணத்தில் குடித்துத்தான் மதிப்பெண் போட்டார்கள்.

கோப்பி_ஓ_கோசோங் | சனி, இரவு 10:15

கப்பிங்கில் ஒரு ஸ்பூன் உறிஞ்சித் துப்புகிறீர்கள். நான் காலையில் ஒரு மங்கு முழுக்கக் குடிக்கிறேன். ஒரு மங்கு எண்ணெய்க்கு அடியில் மல்லிகையைத் தேட எனக்கு முடியவில்லை தம்பி. உங்களுக்கு 25 வயது மூக்கு, தெரியலாம்.

அரவைமில் | சனி, இரவு 10:17

31 அண்ணே. 😄

ராத்திரிஷிப்ட் | பாயான் லெப்பாஸ் | ஞாயிறு, அதிகாலை 3:20

நர்ஸ் வேலை, வார்டு அமைதியாக இருப்பதால் எட்டிப் பார்த்தேன். எண்ணெய் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அந்த எண்ணெயில் கஃபெஸ்டால் என்று ஒன்று இருக்கிறது, அது எல்டிஎல் என்கிற கெட்ட கொழுப்பை ஏற்றும். காகித வடிகட்டி அதைப் பிடித்துக்கொள்ளும், பிரஸ்ஸின் கம்பி வலை பிடிக்காது. காலையில் ஒரு கப் என்றால் பயப்பட வேண்டாம். நாளைக்கு நாலைந்து கப் பிரஸ் கோப்பி, ஏற்கெனவே கொலஸ்ட்ரால் மாத்திரை எடுக்கிறவர் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் பிரஸ்ஸில் போட்டதைக் காகிதக் கூம்பு வழியாக ஒரு தடவை வடித்துவிட்டுக் குடியுங்கள். நம்ம கோப்பிக் கடைத் துணிப்பையும் ஓரளவு நல்லாவே பிடிக்கும், கம்பி வலை அளவுக்கு விடாது.

டபராசெட் | ஞாயிறு, காலை 7:02

பார்த்தீர்களா, துணிப்பை ஜெயித்துவிட்டது.

பழையதோட்டம் | பந்திங் | ஞாயிறு, காலை 10:25

பிள்ளைகளா, நீங்கள் ஏத்தியோப்பியா, பனாமா என்று போகிறீர்கள். நான் இருக்கிற இடத்தில் இருந்து மோட்டாரில் கொஞ்ச தூரம் போனால் கோப்பி மரம் நிற்கிறது. லைபீரிகா என்கிற இனம். இந்த நாட்டில் விளைவதில் பெரும்பகுதி அதுதான், ஜொகூரில் குளுவாங், பத்து பகாட் பக்கமும் இங்கே சிலாங்கூர்க் கடற்கரைப் பக்கமும்.

இது நம் ஆட்கள் சம்பந்தப்பட்ட சங்கதியும்கூட. 1869-இல் சிலோனில் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் விழுந்து ஒரு தலைமுறைக்குள் தோட்டங்கள் அழிந்தன. தேயிலைக்கு மாறியவர்கள் போக, துரைமார் சிலர் இங்கே வந்து லைபீரிகாவைப் போட்டார்கள். இந்தத் தாழ்வான சூட்டு நிலத்தில் அது தாங்கும், அரபிகா இனம் தாங்காது. பறித்தவர்கள் யார்? ஊரிலிருந்து கப்பலில் வந்த நம் ஆட்கள்தான். 1890களில் பிரேசில் கோப்பி சந்தையில் வந்து குவிந்து விலை விழுந்ததும் அதே நிலத்தில் கித்தா (ரப்பர்) நட்டார்கள். நம் சனம் கித்தாவுக்கு முன்னால் கோப்பித் தோட்டத்தில் வேலை செய்தது என்பது இப்போது பலருக்குத் தெரியாது.

எங்கள் அப்பா லயத்துக்குப் பின்னால் இருந்த நாலைந்து மரத்துக் கொட்டையை இரும்புக் குவாலியில் வறுப்பார். கடைசியில் ஒரு கைப்பிடி சீனியும் ஒரு கட்டி மார்ஜரினும் போடுவார். சீனி கருகிக் கொட்டை மேல் கறுப்பாக ஒட்டும். ஆறியதும் எல்லாம் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், உலக்கையால் தட்டித்தான் பிரிக்க வேண்டும். கடைகளில் இன்னும் அப்படித்தான் வறுக்கிறார்கள்.

இப்போது இளைஞர்கள் சிலர் லைபீரிகாவைச் சீனி போடாமல் நிதானமாக வறுத்து விற்கிறார்கள். பையைத் திறந்தால் பலாப்பழ வாசம் அடிக்கும். மகன் வாங்கி வந்தான், அவனுடைய பிரஸ்ஸில் போட்டுக் குடித்தேன். சீனி தேவைப்படவில்லை. இந்தக் கோப்பியைத்தானா இத்தனை காலம் கருக்கிக் குடித்தோம் என்று இருந்தது.

செந்தூல்வாசி | ஞாயிறு, காலை 11:10

ஐயா, இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பாட்டி காஜாங் பக்கத் தோட்டமாம், "கோப்பிக் காடு" என்று அங்கே ஆள் கணக்கெடுக்கும் ஒரு பிரட்டுக்கே பேர் இருந்ததாம். கொஞ்ச நேரம் பழைய கதை ஓடியது. லைபீரிகாவை அரைக்கும்போது ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கோப்பி_ஓ_கோசோங் | ஞாயிறு, மதியம் 12:30

கொட்டை பெரிசு, ஒரே அளவாகவும் இருக்காது. சின்னக் கைச்சுற்று அரவையில் வாயிலேயே சிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சுற்றுங்கள். தண்ணீரை 90 பக்கம் இறக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பலா வாசம் பழுத்து அழுகின மாதிரி தூக்கலாகப் போகும். ஐயா சொன்னது உண்மை, இந்தக் கொட்டைக்குப் பிரஸ் நல்ல பொருத்தம். அரவைமில் தம்பியும் இதில் ஒத்துக்கொள்வார்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கடையில் அரைத்து விற்கிற கோப்பித் தூளைப் பிரஸ்ஸில் போடாதீர்கள். அது துணிப்பைக்கு அரைத்தது, வலை வழியாக அப்படியே வந்துவிடும். சீனிப் பூச்சு வலையிலும் ஒட்டிக்கொண்டு போகாது.

அரவைமில் | ஞாயிறு, மதியம் 12:44

லைபீரிகாவில் ஒத்துக்கொள்கிறேன். கெய்ஷாவில் இல்லை.

செந்தூல்வாசி | செவ்வாய், காலை 7:15

நேற்றும் இன்றும் போட்டுப் பார்த்தேன். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டி, டீ வடிகட்டியில் தட்டி, 18 கிராம், 300 மில்லி, அழுத்தாமல் ஊற்றினேன். சேறு ஏறக்குறைய இல்லை. கசப்பு போய்விட்டது. எலுமிச்சை தெரிகிறது, சூடு இறங்க இறங்க டீ மாதிரி ஒரு வாசம். பீச் எங்கே என்று தெரியவில்லை. மல்லிகை இருக்கிறது என்று தங்கை சொல்கிறாள், அவள் சும்மா சொல்கிறாளோ என்று சந்தேகம். அம்மாவுக்கு இன்னும் "புளிச்ச தண்ணி"தான். அவருக்குச் சுமத்ரா வாங்கப் போகிறேன்.

மிச்சக் கொட்டையை எங்கே வைப்பது? தங்கை ஐஸ்பெட்டியில் வைக்கச் சொல்கிறாள்.

அரவைமில் | செவ்வாய், காலை 8:03

ஐஸ்பெட்டியின் கீழ்த் தட்டில் வேண்டாம். ஒவ்வொரு தடவை வெளியே எடுக்கும்போதும் நம்ம ஊர்க் காற்றில் கொட்டை மேல் வேர்த்துவிடும், சம்பல் வாடையும் ஏறும். ஒரு வழி வால்வு வைத்த அந்தப் பையையே காற்றை அமுக்கி இறுக்கிக் கட்டி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். நிறைய வாங்கினால் சின்னச் சின்னப் பொட்டலமாகக் காற்றுப் புகாமல் கட்டி உறைபெட்டியில் போடலாம், ஒரு பொட்டலத்தை எடுத்தால் திரும்ப உள்ளே வைக்கக் கூடாது. வாங்கும்போது வறுத்த தேதி பாருங்கள், காலாவதித் தேதி மட்டும் போட்ட பையை நான் தொடமாட்டேன். வறுத்து ஒரு வாரம் பத்து நாள் ஆனது நல்லது. நேற்று வறுத்ததில் வாயு அதிகம், அடை பொங்கிக்கொண்டு வழியும்.

ஆயர்ஈத்தாம்_அக்கா | செவ்வாய், காலை 9:26

காயோ வாங்கிவிட்டேன். ஐடியல் பால் ஊற்றினேன், அருமை. புதினா டீயை வேறு பாத்திரத்துக்கு மாற்றியாச்சு. ஆனால் கழுவிய பிறகும் வலையில் புதினா வாடையும் பழைய எண்ணெய் வாடையுமாக வருகிறது. சக்கையைத் தொட்டியில் கொட்டலாமா?

கோப்பி_ஓ_கோசோங் | செவ்வாய், காலை 10:11

தொட்டியில் கொட்டாதீர்கள் அக்கா, பிளம்பருக்குத்தான் லாபம். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி டீ வடிகட்டியில் கொட்டினால் சக்கை தனியாக நிற்கும். கறிவேப்பிலைச் செடியடியில் லேசாகத் தூவலாம், குவித்துவிட்டால் பூசணம் பிடிக்கும்.

வாடை வலையின் மடிப்பில் இருக்கிறது. தண்டின் அடியைப் பிடித்துக்கொண்டு தட்டைத் திருகினால் கழன்று வரும்: மேலே சுருள் தட்டு, நடுவில் வலை, கீழே ஓட்டைத் தட்டு. மூன்றையும் தனித்தனியாகச் சோடா உப்பு கரைத்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். திரும்ப மாட்டும்போது வலையின் மடித்த ஓரம் மேலே பார்க்க வேண்டும். நைந்து பிரிந்திருந்தால் வலை மட்டும் தனியாக விற்கிறார்கள், குடுவையின் உள் விட்டத்தை அளந்துகொண்டு வாங்குங்கள்.